கோடை இல்லாத ஊரில் வெயில்

1983 ஏப்ரல் 17. தெங்கா வானிலை நிலையத்தின் வெப்பமானி அன்று 37.0 டிகிரி செல்சியஸ் காட்டியது. சிங்கப்பூரில் அதுவரை அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. புக்கிட் பாத்தோக்கின் மேற்கு விளிம்பைத் தாண்டினால் தெங்காதான். அந்த உச்சம் நாற்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் மறுபடியும் 37.0 பதிவாகி அதைச் சமன் செய்தது.

இந்த எண்ணைத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினர்களிடம் சொல்லிப் பாருங்கள். "அவ்வளவுதானா? எங்க வேலூர்ல அது சாதாரணம்" என்பார்கள். வேலூர், திருத்தணி, கரூர் பக்கங்களில் கத்திரி வெயிலின்போது 40 டிகிரியைத் தாண்டுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆனால் அதே உறவினர்கள் இங்கே வந்து இரண்டு மூன்று நாள் தேக்காவுக்கும் செந்தோசாவுக்கும் அலைந்த பிறகு, "ஊர்லகூட இவ்வளவு தவிப்பு இல்லையே" என்று நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்வது இரண்டுமே உண்மை. எப்படி இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்று விளங்கிவிட்டால், பிள்ளைகளை வெயிலிலிருந்து காக்கும் வழியில் பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதி, இந்த ஊருக்குக் கோடை என்று ஒன்று கிடையாது என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சித்திரை கடைசியில் கத்திரி பிறக்கிறது, வைகாசி நடுவில் விடைபெறுகிறது. அந்தச் சில வாரங்களுக்கு வீட்டின் நடைமுறையே மாறிவிடும். பானையில் தண்ணீர், மோர், நுங்கு, மதியம் வெளியே போகாதே என்ற கண்டிப்பு. பள்ளிக்கும் விடுமுறை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.3 டிகிரி வடக்கே இருக்கிறது. பகல் உச்ச வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் 31 முதல் 33 டிகிரிக்குள்தான். ஏப்ரல், மே மாதங்களில் சற்றுக் கூடும், டிசம்பர் மழையில் சற்றுக் குறையும். எந்த நாளும் வெயில் நாள் என்பதால் எந்த நாளும் எச்சரிக்கை நாளாக நம் கண்ணுக்குப் படுவதில்லை. இங்கே வளரும் குழந்தைகளுக்கு வெயிலால் வரும் ஆபத்தின் வேர் இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உடலின் கணக்கை முதலில் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஓடினால் அது பல மடங்காகும். உள்ளே 37 டிகிரியிலேயே நிலைக்க வேண்டுமானால் இந்த வெப்பம் முழுவதும் தோல் வழியாக வெளியேற வேண்டும். தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கொஞ்சம் வெப்பம் தானாகவே வெளியே போகும். மீதியை வியர்வைதான் கொண்டுபோக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தாடையிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை. அது வீணாய்ப் போன தண்ணீரும் உப்பும்தான்.

மண்பானைத் தண்ணீர் வேலூரில் சில்லென்று இருக்கும். அதே பானையைப் புக்கிட் பாத்தோக் புளோக் ஒன்றின் நடைக்கூடத்தில் வைத்தால் அந்த அளவுக்குக் குளிராது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகக் காற்றில் இடம் வேண்டும். இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். காய்ந்த பிற்பகல்களில்கூட அது 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. பானைக்கு நேர்வதுதான் தோலுக்கும் நேர்கிறது.

வேலூரில் 41 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியை நிழலில் வைத்து விசிறினால் அது ஏறத்தாழ 25 டிகிரி காட்டும். அதாவது அங்கே வியர்வைக்கு வேலை செய்ய நிறைய இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் 32 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் அதே ஈரத்துணி வெப்பமானி 27 டிகிரிக்கு மேல் நிற்கும். காற்று ஒன்பது டிகிரி குறைவாக இருந்தும், வியர்வைக்குக் கிடைக்கும் இடம் இங்கேதான் குறைவு. வேலூர் வெயில் தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. 41 டிகிரிக் காற்றே உடலுக்குள் வெப்பத்தைத் தள்ளும். ஆனால் நாம் தொலைபேசியில் பார்க்கும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு, "32தானே, போய் விளையாடு" என்று பிள்ளையை அனுப்புவது தவறான கணக்கு.

சரியான கணக்குக்கு ஒரு கருவி இருக்கிறது. முக்காலியின் மேல் மூன்று வெப்பமானிகள். ஒன்று நிழலில் காற்றின் வெப்பத்தை அளக்கும். இரண்டாவது, கறுப்பு வண்ணம் பூசிய உள்ளீடற்ற செம்புப் பந்துக்குள் இருக்கும். வெயிலும் சுற்றியுள்ள சுவர்களும் தரையும் வீசும் வெப்பத்தை அது வாங்கிக்கொள்ளும். மூன்றாவதன் குமிழில் பருத்தித் திரி சுற்றப்பட்டு, அதன் வால் தண்ணீர்க் குப்பிக்குள் தொங்கும். வியர்த்த தோல் இந்தக் காற்றில் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது சொல்லும். மூன்றையும் சேர்க்கும்போது ஈரத்திரிக்கு நூற்றுக்கு 70 பங்கும், கறுப்புப் பந்துக்கு 20 பங்கும், வெறும் காற்றுக்கு 10 பங்கும் மதிப்புக் கொடுப்பார்கள். நாம் எந்நேரமும் பேசும் காற்று வெப்பத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மதிப்புதான். இப்படிக் கிடைக்கும் எண்ணை டபிள்யூபிஜிடி என்கிறார்கள். 1950களில் அமெரிக்க மரைன் படைப் பிரிவின் பாரிஸ் தீவுப் பயிற்சி முகாமில் இளைஞர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்ததைத் தடுக்க உருவான அளவீடு இது. யாக்லூ, மினார்ட் என்ற இருவர் 1957இல் அதை வெளியிட்டார்கள்.

தேசிய சேவை முடித்த மகன் வீட்டில் இருந்தால் இந்தச் சொல் அவருக்குப் புதிதாக இருக்காது. அணிவகுப்புத் திடலில் அன்றைய வெப்ப நிலைக்கான வண்ணக் குறியீட்டைப் பார்த்துப் பயிற்சியும் ஓய்வும் முடிவாவதையும், எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் குடிக்க வேண்டும் என்ற கட்டளையையும் அவர் அனுபவித்திருப்பார். உடற்கட்டு மிக்க பதினெட்டு வயது இளைஞர்களுக்கே இவ்வளவு ஏற்பாடு தேவைப்படுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு யார் கணக்குப் பார்ப்பது?

2023 ஜூலையிலிருந்து அந்த எண் பொதுமக்களுக்கும் கிடைக்கிறது. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் நம் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் டபிள்யூபிஜிடி அளவைப் பார்க்கலாம். 31க்குக் கீழே இருந்தால் குறைவு. 31 முதல் 33க்குள் மிதம். 33ஐத் தொட்டால் அதிகம். மிதம் என்று வந்தால் வெளியே ஓடியாடும் நேரத்தைக் குறைக்க வேண்டும், நிழலில் அடிக்கடி ஓய்வெடுக்க வேண்டும். அதிகம் என்று வந்தால் வெளி நடவடிக்கைகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். மழை வருமா என்று பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. பிள்ளையைச் சைக்கிளோடு கீழே அனுப்பும்முன் இந்த எண்ணையும் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

இந்த அளவீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, நிழலின் மதிப்பை அது எண்ணாகக் காட்டுவதுதான். ஒரு பிற்பகலில் திறந்த வெளியில் ஈரத்திரி 27, கறுப்புப் பந்து 45, காற்று 33 என்று இருந்தால் மொத்தம் 31.2 வரும், மிதமான ஆபத்து. பத்தடி தள்ளி, புளோக்கின் திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்குக்குள் வந்தால் காற்றின் வெப்பம் அரை டிகிரிகூடக் குறைந்திருக்காது. ஆனால் கறுப்புப் பந்து 33க்கு இறங்கிவிடும். ஈரத்திரியும் சற்றுத் தணியும். கூட்டிப் பார்த்தால் 28.4. பந்தையும் பிள்ளைகளையும் தூண்களுக்கு நடுவே கொண்டுவந்தாலே ஆபத்து ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. வாய்ட் டெக்கில் திருமணமும் துக்கமும் நடக்கப் பார்த்திருக்கிறோம். தரைத்தளத்தைத் திறந்து விட்டதால் காற்று குறுக்கே ஓட வழி கிடைத்ததை, இந்த ஊர்க் குழந்தைகளுக்குக் கிடைத்த பெரும் கொடையாகவே கருதுகிறேன். லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையும் அப்படித்தான். 1822இல் ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோதே வீடுகளின் முன் கூரையுள்ள நடைவழி விட வேண்டும் என்று விதித்தார். சிராங்கூன் சாலையில் தள்ளுவண்டியோடு போகிறவர்கள் சாலையோரத்தில் இறங்காமல் அந்தக் கூரைக்குக் கீழேயே நடந்தால் இருநூறு ஆண்டு பழைய அறிவு கைகொடுக்கும்.

இப்போது பிற்பகல் ஒன்றரை மணிக்குத் தொடக்கப்பள்ளி ஒன்றின் வாசலைப் பாருங்கள். டபிள்யூபிஜிடி பொதுவாக உச்சத்துக்கு ஏறும் நேரம் நண்பகலிலிருந்து நான்கு மணி வரை. சரியாக அந்த நேரத்தில்தான் பள்ளி விடுகிறது. வாசலுக்கு வெளியே குடையோடு நிற்கிறவர்களில் பாதிப் பேர் தாத்தாக்களும் பாட்டிகளும். பேரனுடைய புத்தகப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, குடையை அவன் பக்கம் சாய்த்து, தான் வெயிலில் நடந்துவரும் பாட்டியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த அன்புக்குள் ஒரு அபாயம் இருக்கிறது. வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பிகள் சோம்பிப் போகின்றன, தோலுக்குப் பாயும் இரத்தம் குறைகிறது, தாகம் தாமதமாகத் தெரிகிறது. இரத்த அழுத்தத்துக்கு அவர் எடுக்கும் மாத்திரை சிறுநீரை அதிகம் வெளியேற்றும் வகையாகவும் இருக்கலாம். அந்த இருவரில் முதலில் தலைசுற்றி உட்காரப் போவது பெரும்பாலும் பேரனாக இருக்க மாட்டான். அம்மா, அப்பா, அத்தை யாராவது பாட்டிக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்தனுப்ப வேண்டும். கூரையிட்ட இணைப்பு வழி சுற்றுவழியாக இருந்தாலும் அதிலேயே வரச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு பழைய கருத்து நீண்ட நாள் நிலவியது. சிறுவர் உடல் பெரியவர் உடலைப் போல வெப்பத்தைச் சமாளிக்காது, வியர்வை குறைவு, ஆகவே அவர்கள் இயல்பிலேயே பலவீனமானவர்கள் என்று. பிந்தைய ஆய்வுகள் இதை முழுமையாக ஆதரிக்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. போதிய தண்ணீரும் ஓய்வும் பொருத்தமான உடையும் இருந்தால், உடல்நலமுள்ள சிறுவர்கள் பெரியவர்களுக்கு இணையாகவே வெப்பத்தைத் தாங்குகிறார்கள் என்றது. இதைப் படித்து நிம்மதி அடைவதா, கவலைப்படுவதா? எனக்கு இரண்டும் வந்தது. ஏனென்றால் அந்த மூன்றும் பெரியவர்கள் கையில் இருக்கின்றன. விளையாட்டின் நடுவே எட்டு வயதுப் பிள்ளை தானாக நின்று தண்ணீர் குடிக்காது. பயிற்றுநர் ஊதல் ஊதினால்தான் குடிக்கும். கால்பந்துப் பயிற்சியை மூன்று மணிக்கு வைப்பதா, ஐந்தரைக்கு வைப்பதா என்பதையும் பிள்ளை முடிவு செய்வதில்லை. சிறுவருக்கு வெயிலில் நேரும் தீங்கில் பெரும்பகுதி கால அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது. 2023 மே மாதத்தில் வெயில் கடுமையானபோது பல பள்ளிகள் சீருடைக்குப் பதிலாக உடற்கல்வி உடையில் வர மாணவர்களை அனுமதித்தன. சின்ன மாற்றம்தான். ஆனால் காற்றுப் புகும் மெல்லிய துணிக்கும் இறுக்கமான சட்டைக்கும் வியர்வையின் கணக்கில் உள்ள வேறுபாடு சின்னதன்று.

விளையாட்டு மைதானத்தின் தரை தனிக் கவனம் வேண்டுவது. விழுந்தால் அடிபடாதிருக்க ரப்பர் துகள்களால் ஆன மெத்தைத் தரை போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ரப்பர் வெயிலை விழுங்கும். ஆஸ்திரேலியாவில் அளந்தவர்கள் வெயிலில் கிடந்த இத்தகைய தரை 70 டிகிரிக்கும் மேல் சூடேறுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கைக்குழந்தையின் மெல்லிய உள்ளங்காலுக்கு அது சில நொடிகளில் கொப்புளம் தரும் சூடு. சறுக்குமரமும் அப்படித்தான். உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். தாங்க முடியவில்லை என்றால் பிள்ளைக்கு வேண்டாம். தைப்பூசத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில் வரை பால்குடத்தோடு வெறுங்காலில் நடக்கும் தாயோடு சிறு பிள்ளைகளும் வருவார்கள். ஊர்வலம் இரவிலும் நடப்பதால் பிள்ளைகளோடு போகிறவர்கள் இரவையோ விடியற்காலையையோ தேர்ந்தெடுக்கலாம். நேர்த்திக்கடன் பெரியவருடையது, மதியத் தார்ச்சாலையின் சூடு பிஞ்சுக் கால்களுக்கு வேண்டாம்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நம் வீடுகளில் வழிவழியாக வந்த சில பழக்கங்களோடு நேரடியாகவே மோத வேண்டியிருக்கிறது. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் போட்டுத் துணியில் சுற்றி வைப்பது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. குளிர்காலத்தில் மலையோர ஊரில் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். புக்கிட் பாத்தோக்கின் பத்தாவது மாடியில் கிடையாது. பச்சிளங்குழந்தை தன் வெப்பத்தில் கணிசமான பகுதியைத் தலை வழியாகத்தான் இழக்கிறது. தொப்பி அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. அளவுக்கு மீறிச் சூடாவது தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோகும் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்பதை மருத்துவ உலகம் நன்கு அறியும். குழந்தையின் கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கழுத்தின் பின்புறத்தையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடாக, பிசுபிசுப்பாக இருந்தால் ஒரு அடுக்குத் துணியைக் கழற்றுங்கள்.

"வெயிலுக்கு நா வறண்டுபோகும், ஒரு சங்குத் தண்ணி குடு" என்பதும் அன்பில் வரும் யோசனைதான். ஆனால் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. அதன் சிறுநீரகம் இன்னும் பக்குவப்படவில்லை. அதிகத் தண்ணீர் இரத்தத்தின் உப்பைக் கரைத்து வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். எவ்வளவு வெப்பமான நாட்டிலும் தாய்ப்பாலே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெயில் நாளில் பால் கொடுக்கும் தடவைகளைக் கூட்டினால் போதும். தண்ணீர் தேவைப்படுவது தாய்க்கு.

தள்ளுவண்டியில் குழந்தை தூங்கும்போது வெயில் படாமலிருக்க மேலே துணியைப் போட்டு மூடுகிறோம். சிட்னி பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். உலர்ந்த துணியால் மூடியதும் வண்டிக்குள் காற்றின் வெப்பம் வெளியைவிட 3.7 டிகிரி வரை ஏறியது. மெல்லிய மஸ்லின் துணியை நனைத்து மூடி, சிறு மின்விசிறியும் மாட்டியபோது 4.7 டிகிரி வரை இறங்கியது. சிங்கப்பூரின் ஈரக் காற்றில் நனைந்த துணிக்கு அவ்வளவு பலன் எதிர்பார்க்க முடியாது. உலர்ந்த துணியால் முழுக்க மூடுவதன் தீங்கு மட்டும் இங்கேயும் அதேதான். குடைமறைப்பை மட்டும் இழுத்துவிட்டு, பக்கங்களைத் திறந்து வைத்து, நிழலில் தள்ளிப் போவதே நல்லது. நிறுத்திய காரைப் பற்றி இரண்டு வரி போதும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005இல் காட்டியபடி, மூடிய கார் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 22 டிகிரி சூடேறுகிறது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது; கண்ணாடியைச் சற்றே இறக்கி வைப்பதால் குறிப்பிடத்தக்க பயனில்லை. "ஒரு நிமிஷம், பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்றுகூடக் குழந்தையைக் காரில் விட்டுப் போகக் கூடாது.

இரவு வந்தால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. நகரின் கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தருகின்றன. சிங்கப்பூரின் அடர்ந்த கட்டடப் பகுதிகளுக்கும் லிம் சூ காங் போன்ற பசுமைப் பகுதிகளுக்கும் இடையே இரவில் 7 டிகிரி வரை வேறுபாடு அளக்கப்பட்டிருக்கிறது. புக்கிட் பாத்தோக் இந்த வகையில் கொடுத்து வைத்த ஊர். கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழியைச் சுற்றி 1988இல் உருவான புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவும், குவாரிக் குளத்தோடு நிற்கும் 'லிட்டில் குய்லின்' பூங்காவும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மாலையில் பிள்ளைகளைக் கடைத்தொகுதிக்கு அழைத்துப் போவதற்குப் பதில் அந்த மரங்களுக்குக் கீழே அழைத்துப் போனால் உடம்புக்கு உண்மையான இளைப்பாறல் கிடைக்கும்.

வீட்டுக்குள் எந்த அறையில் குழந்தையைத் தூங்க வைப்பது என்பதும் பெரிய கேள்வி. 2010 மே மாதம் அகமதாபாத்தில் 46 டிகிரியைத் தாண்டிய வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அந்த நகரின் மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகளில் பலர் காய்ச்சல் காரணமாகத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மகப்பேற்று வார்டு, வெயில் நேரே இறங்கும் மொட்டை மாடிக்குக் கீழே இருந்தது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. புது மருந்தோ புது இயந்திரமோ தேவைப்படவில்லை. நம் வீவக வீடுகளில் மேற்கு வெயில் வாங்கும் சுவரை மாலை ஆறு மணிக்குத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சுவரை ஒட்டித் தொட்டில் போட்டிருந்தால் எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள்.

குளிர்சாதனம் இல்லாத வீடுகளில் மின்விசிறியால் பயனில்லை என்று நினைக்க வேண்டாம். காற்றின் வெப்பம் தோலின் 35 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் விசிறி அனலை வாரி வீசும். அதிகம் வியர்க்காத முதியவர்களுக்கு அது கெடுதலாகவும் முடியும். சிங்கப்பூரில் அந்த எல்லை தாண்டப்படும் மணி நேரங்கள் மிகக் குறைவு. இங்கே அனேகமாக எந்நேரமும் விசிறி உடலுக்கு உதவும். நனைத்துப் பிழிந்த துண்டால் கை கால்களைத் துடைத்துவிட்டு விசிறிக்கு முன் உட்காருவது இன்னும் நல்லது. மாறாக, நாள் முழுதும் 22 டிகிரிக் குளிர் அறையிலேயே வளரும் பிள்ளையின் உடல் வெயிலுக்குப் பழகவே பழகாது. பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், அதிகம் வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கும். இந்த மாற்றத்துக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். விட்டுவிட்டால் சில வாரங்களில் போய்விடும். டிசம்பரில் குளிர் நாட்டுக்குச் சுற்றுலா போய்த் திரும்பிய மறுநாளே பிள்ளையை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்.

இதே விதியை மனிதவள அமைச்சு வேலையிடங்களுக்கு எழுத்தில் வைத்திருக்கிறது. புதிதாக வந்தவருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போய்த் திரும்பியவருக்கும் வெயில் வேலையைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து டபிள்யூபிஜிடி 32ஐத் தொட்டால் கடும் உடல் உழைப்பில் இருப்பவருக்கு மணிக்குப் பத்து நிமிடமும், 33ஐத் தொட்டால் பதினைந்து நிமிடமும் நிழலில் ஓய்வு தர வேண்டும். குடும்பத்தைக் காப்பது பற்றிய கட்டுரையில் கட்டுமானத் தளம் எதற்கு என்று கேட்கலாம். தெங்காவில் எழும் புளோக்குகளைக் கட்டுகிறவர்களில் பலர் புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் பிள்ளைகளை விட்டு வந்த தந்தையர். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் அவர்களைச் சந்திக்கிறவர்கள் இந்த விதி இருப்பதை அவர்களிடம் தமிழில் எடுத்துச் சொல்லலாம். எழுத்தில் உள்ள உரிமை தெரிந்தவருக்குத்தான் பயன்படும்.

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கும் வழக்கம் தொடங்கியது. நம் பாலர் பள்ளிகளும் துணைப்பாட நிலையங்களும் செலவின்றி உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய வழக்கம் அது. அவசரம் இருக்கிறது. 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வின்படி, 35 டிகிரியைத் தாண்டும் நாள்கள் இதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 21. உலகம் வெளியிடும் கரியமில வாயுவைப் பொறுத்து, இந்நூற்றாண்டின் முடிவில் அது 41 நாளாகவும் இருக்கலாம், 351 நாளாகவும் இருக்கலாம். இன்று பாலர் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அதைக் காண்பார்கள்.

இவ்வளவு கவனித்தும் ஒரு நாள் பிள்ளை வெயிலில் தளர்ந்து போனால் என்ன செய்வது? தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, அளவுகடந்த சோர்வு மட்டும் என்றால் நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, விசிறி, சிறிது சிறிதாகத் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ கொடுத்தால் அரை மணிக்குள் தெளிவு வரும். பேச்சுக் குழறினால், இருக்கும் இடம் தெரியாமல் உளறினால், வழக்கத்துக்கு மாறாக ஆத்திரப்பட்டால், மயங்கினால் அது வெறும் வெப்பச் சோர்வைத் தாண்டிய நிலை. உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். ஓடி விளையாடி விழுந்த பிள்ளையின் உடல் தொப்பலாக நனைந்திருக்கும்போதே மூளை பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருவர் 995ஐ அழைக்கட்டும். இன்னொருவர் அதே நேரத்தில் உடலை நனைக்கத் தொடங்க வேண்டும். குளியலறைக் குழாய், தோட்டக் குழாய், காப்பிக்கடை வாளி, எதுவானாலும் சரி. தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்க வேண்டும். முதல் அரை மணிக்குள் வெப்பம் இறங்குகிறதா என்பதே பிள்ளை எப்படி மீளும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.